ஆர்லாண்டோ பாஸ்: பழைய காந்தப் பட்டையா, தட்டும் அட்டையா, கைப்பட்டையா, போனா?

வீட்டு இழுப்பறையில் பழைய டிஸ்னி வேர்ல்ட் டிக்கெட் கிடக்கும் தமிழ்க் குடும்பங்கள் அமெரிக்காவில் கொஞ்சநஞ்சமில்லை. 2000-களில் ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருப்பார்கள். ஆர்லாண்டோ கூட்டிப்போக ஐந்து நாள் டிக்கெட் எடுத்திருப்பார்கள். மூன்றாம் நாளே பெரியவர்களுக்குக் கால் வலி, பிள்ளைக்குக் காய்ச்சல். மீதி இரண்டு நாளை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்துவைத்தார்கள். அந்த அடுத்த தடவை இப்போதுதான் வந்திருக்கிறது. டிக்கெட்டைத் தேடி எடுத்துத் திருப்பிப் பார்த்தால், பின்பக்கம் கீறல் விழுந்த ஒரு காந்தப் பட்டை. இது இன்னும் வேலை செய்யுமா?

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு கேள்வி: புதிதாக டிக்கெட்டோ வருடப் பாஸோ எடுத்தால் அதை எதில் வைத்துக்கொள்வது? பிளாஸ்டிக் அட்டை, மணிக்கட்டில் கட்டும் மேஜிக்பேண்ட், போன் என்று மூன்று வழி இருக்கிறது. விளம்பரம் எல்லாம் பேண்டுக்குத்தான். ஆனால் வெயில், மழை, வியர்வை, சன்ஸ்கிரீன், மணல் என்று எல்லாம் சேர்ந்து வதைக்கும் ஃபுளோரிடாவில் எது தாங்கும் என்று பார்த்தால் பதில் வேறு மாதிரி வருகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய டிக்கெட்டில் பட்டை செத்துப் போயிருந்தாலும் கவலை இல்லை. அதில் அச்சடித்திருக்கும் எண்ணும், எந்த வருடம் எந்த நிபந்தனையில் வாங்கியது என்பதும்தான் முக்கியம். புதிதாக எடுப்பவர்களில் பெரியவர்களுக்கு அட்டை, சின்னப் பிள்ளைகளுக்கு பேண்ட். போன் இரண்டாவது பிரதியாக மட்டும் இருக்கட்டும்.

காந்தப் பட்டை எதனால் சாகிறது

1960-களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். பொறியாளர் ஃபாரஸ்ட் பாரி, காந்த நாடாத் துண்டு ஒன்றைப் பிளாஸ்டிக் அட்டையில் ஒட்ட வழி தெரியாமல் தவித்தார். வீட்டில் துணி தேய்த்துக்கொண்டிருந்த மனைவி, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துப் பாருங்களேன் என்றாராம். ஒட்டிக்கொண்டது. காந்தப் பட்டையின் பிறப்புக் கதையாகச் சொல்லப்படுவது இதுதான். சூட்டால் ஒட்டியதுதானே, சூட்டில் அழிந்துவிடாதா என்று கேட்கத் தோன்றும். பட்டைக்குள் இருக்கும் காந்தத் துகள்கள் தங்கள் காந்தத்தை இழக்க நூற்றுக்கணக்கான டிகிரி வேண்டும். அதற்கு வெகு முன்னாலேயே அட்டை உருகிவிடும்.

பட்டையில் இருப்பது, வரிசையாக வடக்கு தெற்கு என்று மாறி மாறிக் காந்தமேற்றப்பட்ட மெல்லிய கோடுகள். அட்டை நகரும்போது அந்த மாற்றங்களை மெஷினுக்குள் இருக்கும் படிக்கும் தலை உணர்கிறது. நகராமல் வைத்தால் ஒன்றும் தெரியாது. அதனால்தான் எப்போதும் இழுக்கவோ உள்ளே தள்ளவோ வேண்டியிருந்தது. வங்கி அட்டைகளின் இலக்கணப்படி ஒரு பட்டையில் மூன்று தடங்கள். நெருக்கமாக எழுதப்படும் தடத்தில் ஓர் அங்குலத்துக்கு 210 பிட். கணக்குப் போட்டால் ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் இடம் 0.12 மில்லிமீட்டர், அதிலும் பாதி தூரத்திலேயே காந்தத் திசை மாறக்கூடும். கடற்கரையின் நுண்மணல் பருக்கை ஒன்று அந்தப் பிட்டை விடப் பெரியது. அந்தப் பருக்கை படிக்கும் தலைக்கும் பட்டைக்கும் நடுவில் சிக்கினால் தலை ஒரு நூலிழை மேலே தூக்கிக்கொள்ளும், சிக்னல் படுத்துவிடும். பருக்கை உருண்டு ஓடினால் பட்டையில் நீளமாக ஒரு கோடு கிழிக்கும். பழைய டிக்கெட்டை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள், நீளவாக்கில் இணையாக ஓடும் மெல்லிய கோடுகள் தெரியும். அவை பெரும்பாலும் பாக்கெட்டில் சாவி உரசியதாலோ, மெஷின் வாயில் இருந்த மண்ணாலோ வந்தவை.

மெஷின் வாய் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்து டிஸ்னி வேர்ல்ட் வாசலில் டிக்கெட்டை ஒரு பிளவுக்குள் செருக வேண்டும். மெஷின் உள்ளே இழுத்துப் படித்துவிட்டு வெளியே தள்ளும். அது போதாதென்று 1999-இல், நீண்ட வரிசையில் நிற்காமல் ரைடுக்குப் போக ஃபாஸ்ட்பாஸ் வந்தது. ஒவ்வொரு ரைடுக்குப் பக்கத்திலும் நிற்கும் மெஷினில் அதே டிக்கெட்டைச் செருகி, திரும்பி வர வேண்டிய நேரம் அச்சடித்த ஒரு சீட்டு வாங்க வேண்டும். காலை வாசல், நடுநடுவே ஃபாஸ்ட்பாஸ், மதியம் ஹோட்டல் போய்விட்டு வந்தால் மறுபடி வாசல். டிஸ்னி ஹோட்டலில் தங்கியவர்களுக்கோ ‘கீ டு த வேர்ல்ட்’ என்று ஒரே அட்டைதான் அறைச் சாவி, டிக்கெட், கடையில் அறைக் கணக்கில் பற்று வைக்கும் அட்டை எல்லாமே. ஒரு நாளில் அத்தனை தடவை உரசினால் எந்தப் பட்டைதான் தாங்கும்? வருடப் பாஸ் வைத்திருந்தவர்கள் படாத பாடு பட்டதற்கு இந்த உரசல்தான் காரணம்.

காந்தத்தைப் பற்றிய பயம் பாதி நிஜம், பாதி கட்டுக்கதை. அட்டைத் தொழிலில் பட்டைகளை லோ-கோ, ஹை-கோ என்று இரண்டாகப் பிரிப்பார்கள். எழுதியதை அழிக்க எவ்வளவு எதிர்க்காந்தம் வேண்டும் என்பதுதான் கணக்கு. பழுப்பு நிற லோ-கோவுக்கு 300 எர்ஸ்டெட் (காந்தப் புலத்தின் அளவு) போதும். கறுப்பாக இருக்கும் ஹை-கோவுக்கு 2750 அல்லது 4000. ஃபிரிட்ஜில் ஒட்டும் பட்டைக் காந்தத்தின் மேற்பரப்பில் பொதுவாக 100 காஸ் அளவுதான் இருக்கும் (காற்றில் ஒரு காஸும் ஓர் எர்ஸ்டெட்டும் ஒன்றுதான்). அது ஹை-கோவை அசைக்காது, லோ-கோவையும் சட்டென்று அழிக்காது. ஆனால் கைப்பையின் மூடி, போன் உறை, பர்ஸ் கிளிப் இவற்றில் இப்போது வருவது மிக வலுவான நியோடிமியம் காந்தம். ஒட்டியே இருந்தால் அது லோ-கோவை நிச்சயம் துடைத்துவிடும். ஹோட்டல்கள் சாவி அட்டைக்கு லோ-கோதான் வாங்குவார்கள், ஒவ்வொரு விருந்தாளிக்கும் அழித்து அழித்து எழுத வேண்டும் அல்லவா? போன் உறையில் செருகிய ஹோட்டல் சாவி மாலைக்குள் செத்துப்போவது அதனால்தான்.

அமெரிக்காவில் 1980-களில் ஒரு புரளி: விலாங்குமீன் தோல் பர்ஸில் வைத்தால் வங்கி அட்டை அழிந்துவிடும், விலாங்கில் மின்சாரம் இருக்கிறது என்று. பழி மீன் மேல் விழுந்தது, ஆனால் குற்றவாளி பர்ஸை மூட வைத்திருந்த காந்த பட்டன். இன்றைக்கும் இதே குழப்பம் வேறு உருவில் ஓடுகிறது. போன் கதிர்வீச்சு அழிக்கும் என்பார்கள், ஏர்போர்ட் எக்ஸ்ரே அழிக்கும் என்பார்கள். இரண்டும் இல்லை. போனில் இருக்கும் காந்தங்கள் வேறு கதை; ஐபோனின் மேக்சேஃப் சார்ஜருக்கும் போனுக்கும் நடுவில் காந்தப் பட்டை அட்டைகளை வைக்காதீர்கள் என்று ஆப்பிளே எழுதிவைத்திருக்கிறது. ரோலர் கோஸ்டரில் இருக்கும் காந்த பிரேக் பற்றியும் கேட்பார்கள். அந்தக் காந்தங்கள் வண்டியின் அடியில் இருக்கும் உலோகத் தகட்டை இருபுறமும் கவ்வினாற்போல் சில மில்லிமீட்டர் இடைவெளியில் வேலை செய்பவை. தூரம் கூடக் கூட காந்தப் புலம் மளமளவென்று விழும். உங்கள் சட்டைப் பை வரை அது வராது.

தண்ணீர் காந்தத்தை ஒன்றும் செய்யாது, ஆனால் டிக்கெட்டைச் செய்யும். பல நாள் டிக்கெட்டுகள் தடித்த தாளில்தான் வந்தன. அனிமல் கிங்டமில் காளி ரிவர் ரேப்பிட்ஸ் போய் நனைந்து வந்தால் ஓரம் ஊதி, மூலை இரண்டாகப் பிரிந்து, மெஷினுக்குள் போய்ச் சிக்கும். பட்டை நன்றாகத்தான் இருக்கும், தாள்தான் செத்திருக்கும். பிளாஸ்டிக் அட்டைக்கு எதிரி காரின் டேஷ்போர்டு. கோடை வெயிலில் நிற்கும் காரில் டேஷ்போர்டு 70 டிகிரி செல்சியஸை நெருங்கும், அட்டையின் பி.வி.சி. பிளாஸ்டிக் அந்தச் சூட்டில் இளகி வளையத் தொடங்கும். வளைந்த அட்டையில் தலை முழுக்கப் பட்டையைத் தொடாது. இழுத்தாலும் பாதிதான் படிக்கும்.

அப்புறம் சன்ஸ்கிரீன். அதன் எண்ணெய்ப் பசை பட்டையில் படர்ந்து தூசியைச் சேர்த்துக்கொள்ளும். வேறு பூங்காக்களிலோ கேம் சென்டர்களிலோ இன்னும் காந்தப் பட்டை அட்டை வைத்திருப்பவர்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மெல்லிய துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் தொட்டு நீளவாக்கில் துடைத்துக் காயவிடுங்கள். நகப்பூச்சு அழிக்கும் அசிட்டோனை எடுத்துவிடாதீர்கள், அது பி.வி.சி.யையே கரைக்கும். அழிரப்பரால் தேய்க்கும் வைத்தியமும் வேண்டாம், அது தேய்மானத்தைத் தானே செய்துகொள்வது. தனி உறையில் வையுங்கள், இரண்டு அட்டைகளின் பட்டைகள் ஒன்றையொன்று பார்த்து உரச விடாதீர்கள். அட்டை படிக்கவில்லை என்றால் கல்லாவில் இருப்பவர் அதை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையால் சுற்றி இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மந்திரம் இல்லை. கீறல் தரும் கூரான இரைச்சலைப் பையின் தடிப்பு மழுங்கச் செய்கிறது, நல்ல சிக்னல் கொஞ்சம் குறைந்தாலும் தப்பிக்கிறது. உள்ளே இழுத்துக்கொள்ளும் மெஷினில் மட்டும் இதை முயற்சி செய்யக் கூடாது.

பழைய டிக்கெட்டை என்ன செய்வது

டிஸ்னி வேர்ல்ட் 2013-இலிருந்து காந்தப் பட்டையை விட்டு, தொடாமலே ரேடியோ அலையில் படிக்கும் ஆர்.எஃப்.ஐ.டி. சில்லுக்குப் போய்விட்டது. செருகும் மெஷின்கள் போய், மிக்கி தலை வடிவத்தில் தட்டும் கம்பங்கள் வந்துவிட்டன. ஆக, உங்கள் டிக்கெட்டின் பட்டை புத்தம் புதிதாக இருந்தாலும் அதை வாசலில் படிக்க ஆளில்லை. கவுண்டரில் கொடுத்துப் புதிய அட்டைக்கு மாற்றித்தான் உள்ளே போக முடியும். அங்கே அவர்கள் பார்ப்பது பின்பக்கம் அச்சாகியிருக்கும் எண்ணை. கணக்கு முழுக்க அவர்கள் கணினியில் இருக்கிறது. பட்டை அந்தக் கணக்குக்குப் போகும் வழியாக மட்டுமே இருந்தது.

வாங்கிய வருடம் இங்கே பெரிய விஷயம். 2005 தொடக்கத்தில் ‘மேஜிக் யுவர் வே’ டிக்கெட்டுகள் வருவதற்கு முன்னால் விற்ற பல நாள் பார்க் ஹாப்பர் (ஒரே நாளில் பூங்கா விட்டுப் பூங்கா போகக்கூடிய) டிக்கெட்டுகளில் பயன்படுத்தாத நாட்கள் காலாவதி ஆவதில்லை. 2005-இல் வந்த ‘மேஜிக் யுவர் வே’ டிக்கெட்டிலோ, முதல் நாள் உள்ளே போனதிலிருந்து 14 நாளில் மீதி போய்விடும். கூடுதல் பணம் கட்டி ‘நோ எக்ஸ்பிரேஷன்’ வாங்கியிருந்தால் மட்டும் தப்பிக்கும். அந்த வசதியும் 2015-இல் நின்றது. எனவே டிக்கெட்டில் ‘நோ எக்ஸ்பிரேஷன்’ என்று அச்சாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு நாள்கூடப் பயன்படுத்தாமல் காலாவதியான டிக்கெட் என்றால் அன்று கொடுத்த பணத்தைப் புதிய டிக்கெட்டின் விலையில் கழித்துக்கொள்ளலாம். மூன்று நாள் போய்விட்டு இரண்டு நாள் மீதம், காலாவதி ஆகும் வகை என்றால், மன்னிக்கவும், அது இப்போது நினைவுப் பொருள்.

மீதி நாள் இருக்கும் டிக்கெட்டை வைத்துக்கொண்டே இருப்பதா, இந்தப் பயணத்தில் தீர்ப்பதா? தீர்த்துவிடுங்கள் என்பேன். டிக்கெட் விலை வருடா வருடம் ஏறுவதால் பழைய நாளின் மதிப்பும் கூடிக்கொண்டே போகும் என்று சிலர் தங்கம் போலப் பதுக்கிவைப்பார்கள். வாதம் தப்பில்லை. ஆனால் தாள் மக்கும், அச்சு மங்கும், யார் பெயரில் எது என்பது குடும்பத்திலேயே மறந்துபோகும். இன்றைக்கே இரண்டு பக்கமும் தெளிவாகப் போட்டோ எடுத்து வையுங்கள். டிக்கெட் தொலைந்தாலும் அந்த எண் இருந்தால் தேட ஒரு பிடி கிடைக்கும்.

விற்றுவிடலாமே என்று யோசிக்க வேண்டாம். ஒரு நாளாவது பயன்படுத்திய பல நாள் டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது ஃபுளோரிடாவில் சட்டப்படியே குற்றம். வாங்குவதும் வம்பு. டிக்கெட் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாற்ற முடியாதது, வாசலில் விரல் வைத்துப் பார்ப்பார்கள். ஆர்லாண்டோ சாலையோரக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும் மீதி நாள் டிக்கெட்டில் மீதம் ஏதாவது இருக்கிறதா என்பது கடைக்காரருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம்.

புதிதாக எடுப்பவர்களுக்கு

தட்டும் அட்டையிலிருந்து தொடங்கலாம், ஏனென்றால் என் ஓட்டு அதற்குத்தான். வெளியே பார்த்தால் வங்கி அட்டை அளவில் ஒரு பிளாஸ்டிக். உள்ளே கடுகளவு சில்லும், ஓரத்தை ஒட்டிச் சுற்றிச் சுற்றி ஓடும் மெல்லிய கம்பிச் சுருளும் இருக்கின்றன. பேட்டரி கிடையாது. கம்பத்தின் அருகே கொண்டுபோனால் கம்பம் வீசும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையிலிருந்தே சில்லுக்கு வேண்டிய மின்சாரம் கிடைத்துவிடும். உரசலே இல்லாததால் தேய்மானமும் இல்லை. கைப்பை மூடியின் காந்தம் இதைத் தொடாது. மழை, குளம், வியர்வை எதுவும் பொருட்டில்லை. சில்லில் உங்கள் பெயரோ கார்டு எண்ணோ இருக்காது, கணக்கைச் சுட்டும் ஓர் எண் மட்டும்தான். தொலைந்தால் கெஸ்ட் ரிலேஷன்ஸ் என்ற உதவிக் கவுண்டரில் அதை முடக்கி வேறு வாங்கிக்கொள்ளலாம்.

இதைக் கொல்ல இரண்டு வழிதான் உண்டு. ஒன்று, பின்பாக்கெட்டில் வைத்து நாள் முழுக்க உட்கார்ந்து எழுந்து வளைப்பது. சில்லும் சுருளும் சேரும் இடம் விட்டுப்போனால் அட்டை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் பேசாது. இரண்டாவது, கழுத்து நாடாவில் கோக்க வேண்டும் என்று மூலையில் ஓட்டை போடுவது. காந்தப் பட்டைக் காலத்துப் பழக்கம் இது. அந்த அட்டையில் பட்டையை விட்டு எங்கே துளை போட்டாலும் பிரச்சினை வராது. இதிலோ சுருள் ஓரமாகவே ஓடுவதால் ஒரு பஞ்ச் போதும், கம்பி அறுந்துவிடும். கழுத்தில் மாட்ட ஆசை என்றால் ஒளிபுகும் பிளாஸ்டிக் உறையில் போட்டு மாட்டுங்கள். உறை ஒன்றில் ஒரே ஓர் அட்டை இருக்கட்டும். இரண்டு அட்டை ஒட்டி இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொல்ல, கம்பம் குழம்பும். அலுமினிய அட்டைப்பெட்டி வகையறா பர்ஸிலிருந்தும் வெளியே எடுத்துத்தான் தட்ட வேண்டும், உலோகம் அலையை மறைத்துவிடும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்கு இதைவிடச் சுலபமானது இல்லை. அவர்கள் போனில் அமெரிக்க சிம் இருக்கிறதா, ஆப் இறங்குமா, பாஸ்வேர்டு என்ன என்று எதுவும் தேவையில்லை. கழுத்தில் அட்டை, கம்பத்தின் மிக்கி மேல் அட்டையின் மிக்கி படும்படி ஒரு தட்டு, விரலை வைத்தால் வளையம் பச்சையாகும். நீலமானால் ஊழியர் வருவார். விரலை ஒவ்வொரு நாளும் ஒரே கையின் ஒரே விரலாக வைக்கச் சொல்லிவிடுங்கள். வாசலில் நேரம் போவது பெரும்பாலும் அட்டையால் அல்ல, நேற்று வைத்தது எந்த விரல் என்ற விவாதத்தால்தான். 3 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்கு விரல் கிடையாது, 3 வயதுக்குக் கீழ் டிக்கெட்டே கிடையாது.

இனி மேஜிக்பேண்ட். இதுவும் அதே சில்லுதான், ரப்பர் பட்டைக்குள் இருக்கிறது. 2013-இல் வந்த முதல் பேண்டில் தட்டுவதற்கான சில்லோடு தூரத்திலிருந்தே உணரக்கூடிய ரேடியோவும், அதற்கு ஒரு பேட்டரியும் இருந்தன. பேட்டரியை மாற்ற முடியாது. பழைய பேண்ட் செத்துவிட்டது என்று தூக்கிப்போட்டவர்கள் பலர். ஆனால் பேட்டரி தீர்ந்தாலும் தட்டும் சில்லு வேலை செய்யும், வாசலும் திறக்கும். 2022 ஜூலையில் வந்த மேஜிக்பேண்ட் பிளஸ் சார்ஜ் செய்வது. விளக்கு எரியும், அதிரும். சார்ஜ் இல்லாவிட்டால் அந்த வேடிக்கைகள்தான் போகும், நுழைவு போகாது. ஆக இரவில் சார்ஜ் போட மறந்தாலும் குடிமுழுகிப் போய்விடாது.

நீடிப்பில் பேண்டின் பலவீனம் கொக்கி. முதல் தலைமுறை பேண்டுகளில் துளைகளில் குமிழை அழுத்திப் பூட்டும் அமைப்பு; பிள்ளை தண்ணீரில் விளையாடும்போதோ பையின் வார் இழுக்கும்போதோ கழன்றுவிடும். மேலே மாட்டும் சின்ன ரப்பர் வளையங்கள் தனியாக விற்பதே இதற்காகத்தான். அறிமுகமானபோது ஒற்றை நிற பிளஸ் பேண்டின் விலை 35 டாலரை ஒட்டி இருந்தது, ஓவியம் போட்டது இன்னும் கூடுதல். முன்பெல்லாம் டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் சாதா பேண்ட் இலவசமாகக் கிடைக்கும். 2021 ஜனவரியிலிருந்து அது இல்லை. நாலு பேர் குடும்பத்துக்கு பேண்டுக்கே 150 டாலர் என்றால் நான் பெரியவர்களுக்கு வாங்க மாட்டேன். பிள்ளைகளுக்கு வாங்குவேன். அட்டையைக் கொடுத்தால் ஐஸ்கிரீம் கடை பெஞ்சில் வைத்துவிட்டு வரும் வயதில் மணிக்கட்டில் கட்டிய பொருள்தான் வீடு திரும்பும். பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இரவில் கழற்றி சன்ஸ்கிரீன் பசையைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள். வியர்வையும் பசையும் சேர்ந்து நாள் முழுக்க அழுத்தினால் தோலில் அரிப்பு வரும்.

போன் விஷயத்தில் எனக்கு ஒரு சாய்வு இருக்கிறது, ஒளிக்கவில்லை. 2021-இல் ‘மேஜிக்மொபைல்’ வந்ததிலிருந்து போனின் வாலட்டில் பாஸை வைத்துத் தட்டி உள்ளே போகலாம். செலவில்லை, அட்டைபோல வளையாது, பேண்டுபோல கழன்று விழாது. ஆனால் பூங்காவுக்குள் போன்தான் மேப், அதுதான் கேமரா, சாப்பாடு ஆர்டர் செய்வதும் அதில்தான், வரிசை நேரம் பார்ப்பதும் அதில்தான். மதியம் இரண்டு மணிக்கு பேட்டரி பத்து சதவீதத்தில் நிற்கும். ஐபோன் 35 டிகிரி வரையிலான வெப்பத்தில் பயன்படுத்துவதற்கானது என்று ஆப்பிள் சொல்கிறது. ஆர்லாண்டோவின் ஜூலை மதியம் அந்தக் கோட்டிலேயே நிற்கும். நேரடி வெயிலில் கையில் வைத்திருந்தால் திரை மங்கும், சில நேரம் ஆறும் வரை போன் மறுத்துவிடும். ஐந்து பேர் பாஸும் ஒருவர் போனில் இருந்தால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளித் தட்ட வேண்டும், பின்னால் நிற்பவர்கள் பெருமூச்சு விடுவார்கள். குடும்பம் இரண்டாகப் பிரிந்து தாத்தா ஒரு பக்கம், பிள்ளைகள் ஒரு பக்கம் போனால் அதுவும் நடக்காது. தனியாகவோ ஜோடியாகவோ போகிறவர்களுக்குப் போன் போதும், பவர் பேங்க் ஒன்று பையில் இருந்தால் சரி.

வருடப் பாஸ் எடுத்து மாதம் ஒரு தடவை போகும் ஃபுளோரிடாக்காரர்கள் அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வருவது சகஜம். அவர்களுக்கு அட்டை ஒன்று காரிலும் (டேஷ்போர்டில் அல்ல, நிழலான குளோவ் பாக்ஸில்), போனில் பாஸும் இருப்பது நல்லது. இரண்டும் ஒரே கணக்கோடு சேர்ந்தவை என்பதால் எதைத் தட்டினாலும் ஒன்றுதான்.

எல்லாப் பூங்காவும் டிஸ்னி வேர்ல்ட் அல்ல. கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் பார்கோடு ஸ்கேன். விரலுக்குப் பதில் வாசலில் முகத்தைப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஆர்லாண்டோவிலேயே யுனிவர்சலில் பார்கோடு டிக்கெட்தான். பார்கோடு டிக்கெட் பெரும்பாலும் ரசீதுபோல வெப்பத் தாளில் அச்சாகி வரும். காந்தப் பட்டைக்குச் சொன்ன பத்தியங்கள் இதற்கு ஒன்றும் பொருந்தாது, இதன் எதிரிகள் வேறு. கார் சூட்டில் தாளே கறுக்கும். கை சானிடைசர் பட்ட இடம் கெட்டுப்போகும். மென்மையான பி.வி.சி. உறைக்குள் மாதக்கணக்கில் வைத்தால் உறையின் இளக்கிப் பொருள் அச்சை உறிஞ்சி வெளுக்கச் செய்யும். பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் உறையில் போட்டதாலேயே வெளுத்துப்போன டிக்கெட்டுகள் நிறைய. வெப்பத் தாளை லேமினேட் செய்யவும் கொடுத்துவிடாதீர்கள், சூட்டு உருளைக்குள் போய் முழுக் கறுப்பாகத் திரும்பி வரும். காகித உறையில் வைத்து, பார்கோடை நேராக ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் போதும். தாள் மங்கிப்போனால் கவுண்டரில் மறுபடி அச்சடித்துத் தர அந்த எண் அவர்களுக்கு உதவும்.